கல்வட்டத்தைப் பெயர்த்துவிட்டா பூங்கா?

ஊருக்கு வெளியே கிடக்கும் புறம்போக்கை இயற்கைப் பூங்காவாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கல்குவாரி என்றால் ஊர் திரளும். பூங்கா என்றால் மனம் குளிர்ந்துவிடுகிறது. அந்த நல்ல பெயரின் மறைவில்தான், தொல்லியல் ஆய்வு என்ற பேச்சே இல்லாமல் நிலத்துக்குள் ஜேசிபி இறங்குகிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பூங்காவுக்கு நிலம் தேடினால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் எது அகப்படும்? பட்டா நிலம் கிடைக்காது. நஞ்சையைத் தொட முடியாது. மிஞ்சுவது கல்லாங்குத்து, கரடு, மேய்ச்சல் புறம்போக்கு. இரும்புக்கால மக்கள் இறந்தோருக்கு ஒதுக்கியதும் பெரும்பாலும் இதே நிலத்தைத்தான். நீர் பாயும் மண்ணை உழவுக்கு வைத்துக்கொண்டு, சரளை மேட்டில் தாழி புதைத்தார்கள், கல்வட்டம் அமைத்தார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கரில் அப்படித்தான் விரிந்து கிடக்கிறது. ஆகவே, ‘வெறும் பொட்டல்’ என்று கோப்பில் எழுதப்படும் நிலத்தில்தான் முதலில் ஆய்வாளர் கால் பட வேண்டும்.

கல்வட்டம் பார்வைக்குப் பெரிதாக இருக்காது. முள்ளுக்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத உருண்டைப் பாறைகள், நடுவே சரளைக் குவியல். ஆடு மேய்ப்பவர் அதைப் பாண்டவர் குழி என்று காட்டித் தருவார். ஜேசிபி ஓட்டுபவருக்கோ அது சமன்படுத்த இடைஞ்சலான கல். அரைமணி நேரத்தில் ஓரம் தள்ளிவிடுவார். பிறகு அதே கல் நடைபாதை ஓரத்தில் அழகுக்காகப் பதிக்கப்படும். மரக்கன்றுக்குக் குழி தோண்டும்போது பக்கச் சுவரில் செந்நிறமாக ஒரு வளைவு தெரிந்தால், அது தாழியின் விளிம்பு. கடப்பாரையின் அடுத்த குத்தில் அது உடையும். உள்ளே எலும்பு எப்படிக் கிடந்தது, கறுப்பு சிவப்புக் கிண்ணம் எந்தப் பக்கம் இருந்தது, இரும்புக் கத்தி எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தியெல்லாம் அத்தோடு போயிற்று. உடைந்த ஓட்டை ஒட்டிவிடலாம். கலைந்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

மேலே ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். கீழடியில் மட்டும் என்ன தெரிந்தது? மத்தியத் தொல்லியல் துறையினர் 2013-14இல் வைகைக் கரை நெடுக நடந்து பார்த்து 293 இடங்களைக் குறித்தார்கள். அவற்றில் ஒன்று கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். மேலே தென்னந்தோப்பு, காலடியில் பானை ஓடுகள். 2015இல் அகழத் தொடங்கிய பிறகுதான் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. அந்த நடையை யாரும் நடக்காமல், அங்கே படகுக் குட்டை தோண்டியிருந்தால்?

சட்டமும் இங்கே கை கொடுப்பதில்லை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் காப்பது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சின்னங்களையும் இடங்களையும்தான். அறிவிக்கப்படாத நிலத்தில் தோண்டுமுன் ஆய்வு செய் என்று கட்டாயப்படுத்தும் விதி இல்லை. பட்டியலில் இருப்பவற்றின் கதியே பரிதாபம்: பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 50 காணவில்லை, அவற்றில் 14 நகர விரிவாக்கத்தில் போயின என்று நாடாளுமன்றக் குழுவிடம் 2022இல் மத்தியக் கலாசார அமைச்சகமே ஒப்புக்கொண்டது. பெயரே எழுதப்படாத கல்வட்டத்துக்கு யார் கணக்கு வைப்பார்கள்? பிரான்ஸ் 2001இலேயே, கட்டுமானத்துக்கு முந்தைய அகழாய்வுக்குத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது.

மரம் நடுவதை நாம் எதிர்க்கவில்லை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறு பறக்கும் அதே குன்றுகளில்தான் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் காக்க முடியும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

எனவே அரசு உடனடியாக ஆணையிட வேண்டும். பூங்காவோ காடு வளர்ப்போ, மதிப்பீடு தயாராகும் முன்பே மாநிலத் தொல்லியல் துறை அந்த நிலத்தை நடந்து பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். ஐயமுள்ள இடத்தில் சோதனைக் குழி போட வேண்டும். அதற்கான செலவு திட்டத் தொகையிலேயே சேர வேண்டும். வேலிக்கும் புல்தரைக்கும் ஒதுக்கப் பணமிருக்கிறது, இதற்கும் இருக்கும். கல்வட்டம் கண்டால் நடைபாதைதான் விலகிச் செல்ல வேண்டும். ஊரில் ஆடு மேய்ப்பவர்களையும் மூத்தவர்களையும் கேட்காமல் எந்த அறிக்கையும் முடிக்கப்படக் கூடாது.

ஆய்வில்லாமல் வேலை தொடங்கிவிட்ட இடங்களில் இயந்திரங்களை இன்றே நிறுத்துங்கள். ஓரம் தள்ளிய கற்களை லாரியில் ஏற்றாதீர்கள். எந்தக் கல்லை எங்கிருந்து பெயர்த்தோம் என்று ஓட்டுநருக்கு இன்னும் நினைவிருக்கும். அது மறப்பதற்குள் தொல்லியல் துறையைக் கூப்பிடுங்கள்.