கையெழுத்து அசல்தான், கடிதம் யாருடையது?

பத்து டாலர் நோட்டில் இருக்கிறாரே அலெக்சாண்டர் ஹாமில்டன், அவர் கையெழுத்திட்ட கடிதம் ஏலத்துக்கு வந்தால் எல்லாரும் கேட்பது, "ஒரிஜினலா?" என்றுதான். அது பாதிக் கேள்வி.

பிரிட்டிஷ் படை நகர்வு பற்றி 1780-இல் அவர் லாஃபாயெட்டுக்கு எழுதிய கடிதம், மாசசூசெட்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே வேலை பார்த்த ஒருவரே திருடி விற்றதாகச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய குடும்பம் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, 2018-இல் ஏலத்துக்கு அனுப்பியபோது மாட்டிக்கொண்டது. கடிதம் மாசசூசெட்ஸ் அரசுக்கே சொந்தம் என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

குடும்பம் பாவம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி என்பேன். வாங்கியவர் நல்லவர் என்பதால் திருட்டுப் பொருள் அவருடையது ஆகிவிடுமா? சேகரிக்க ஆசைப்படுபவர்கள் லென்ஸை எடுப்பதற்கு முன், கடிதம் யார் யார் கைமாறி வந்தது என்பதற்கான பழைய ரசீதுகளைக் கேளுங்கள். இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீங்க.