ரிப்பன் வேண்டாம், கயிறு கொடுங்கள்!

சமீபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் மன்றத் தொடக்க விழா. காஞ்சிபுரம் வட்டாரத்துப் பள்ளிதான், பெயர் வேண்டாம். பத்திரிகைக்காரன் என்பதால் என்னையும் மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து ரிப்பனையும் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.

உள்ளே கண்காட்சி. முதல் மேஜையில் எரிமலை. உங்களுக்குத் தெரிந்த அதே எரிமலைதான். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் சிவப்பாகப் பொங்குமே, அது. ஒரு சிறுமி மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். முடித்ததும் கேட்டேன்: "நிஜ எரிமலைக்குள்ளேயும் சமையல் சோடாதான் இருக்குமாம்மா?"

சிறுமி ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் புகைப்படக்காரரைப் பார்த்து, "அடுத்த டேபிள் போகலாமா சார்?" என்றார். போனோம்.

திரும்பும் வழியில் தாமலில் வண்டியை நிறுத்தினேன். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் பெரிய ஏரி. கரையில் ஒரு பையன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். எட்டாம் வகுப்பாம். "ஏரி ரொம்பிடுச்சா?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவன் பதிலுக்கு என்னைக் கேட்டான்:

"ஏரி ரொம்பினா எங்க கெணத்துல தண்ணி ஏறுது சார். ஆனா அடுத்த நாளே ஏறாது. எத்தினி நாள் கழிச்சு ஏறும்?"

எனக்குத் தெரியவில்லை. "ஸ்கூல்ல கேட்டியா?" என்றேன்.

"அது பாடத்துல இல்ல சார்."

வாசகர்களே, இந்த இரண்டு பிள்ளைகளில் அறிவியல் மாணவர் யார்? எரிமலை வைத்த சிறுமியைக் குறை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் அவளுக்கு மேஜை உண்டு, சான்றிதழ் உண்டு, கைத்தட்டல் உண்டு. கேள்வி வைத்திருக்கிற பையனுக்கு மாடுதான் துணை. நம் ஊர் அறிவியல் மன்றங்களின் கோளாறு மொத்தமும் இதில் அடங்கிவிடுகிறது.

நான் படித்தது பி.காம். அறிவியலைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தணிக்கைப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம், வவுச்சர் இல்லாத செலவை ஏற்காதே. சொல்கிறவர் முதலாளியாக இருந்தாலும் சரி, முதலாளியின் மாமனாராக இருந்தாலும் சரி, 'ஆதாரம் எங்கே?' என்று கேள். அறிவியலும் இதைத்தானே சொல்கிறது? நியூட்டனின் மூன்று விதிகளைத் தலைகீழாக ஒப்பிப்பது மனப்பாடம். 'நீ சொல்வதை நான் எப்படிச் சரிபார்ப்பது?' என்று கேட்பதுதான் அறிவியல் விழிப்புணர்வு.

1995 செப்டம்பர் 21-ம் தேதி ஞாபகமிருக்கிறதா? நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்த நாள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. டெல்லியில் விஞ்ஞானிகள் ஓர் எளிய காரியம் செய்தார்கள். பாலில் வண்ணம் கலந்து ஸ்பூனில் நீட்டினார்கள். பால் சிலைக்குள்ளே போகவில்லை. சிலையின் மேல் மெல்லிய படலமாகக் கீழே வழிந்து ஓடியது வண்ணமாகத் தெரிந்தது. ஸ்பூனிலிருந்து பாலை இழுத்தது பரப்பு இழுவிசை. அதே பரப்பு இழுவிசை எங்கள் பாடப் புத்தகத்திலும் இருந்தது. ஆனால் என் வகுப்பில் யாரும் ஒரு ஸ்பூனை எடுத்து ஒரு கருங்கல்லில் வைத்துப் பார்க்கவில்லை. நான் கேட்டதற்கு, "சாமி விஷயத்துல என்னடா கேள்வி?" என்று தலையில் ஒரு குட்டு. அந்தப் பள்ளியில் அறிவியல் மன்றம் இருந்ததா? பலகையில் இருந்தது.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் இருக்கிறோமா என்றால், இல்லை. அறிவியல் மனப்பான்மையும் ஆராயும் உணர்வும் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டோம். 1980-ல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-ல் குழந்தைகளுக்காக 'துளிர்' பத்திரிகையைத் தொடங்கியது. ஊர் ஊராகத் துளிர் இல்லங்களை நடத்தியது. 1993-ல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு வந்தது. அதன் அழகே அதன் விதிகளில்தான் இருந்தது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர வேண்டும். தெர்மாகோல் மாடல் போதாது. சொந்த ஊரில் ஒரு பிரச்னையை எடுத்து, அளந்து, விசாரித்து, கண்டதை எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தையே பார்க்காத குழந்தைகூடச் சேரலாம். தாமல் பையனுக்காகவே எழுதிய விதி மாதிரி இல்லை?

2022 நவம்பர் 28 அன்று தமிழக அரசு 'வானவில் மன்றம்' திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல், கணிதச் சோதனைகள். கருவிகளோடு இருசக்கர வாகனத்தில் போய்ச் செய்து காட்ட 700-க்கும் மேற்பட்ட கருத்தாளர்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டலாம். ஆனால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஏறத்தாழ 18 பள்ளிகள். வண்டியில் வந்தவர் செய்து காட்டுவார், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், அவர் அடுத்த ஊருக்குப் போவார். வண்டி வராத நாளில் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் மன்றம். அதற்கு எந்த அரசாணையும் போதாது.

அந்த நாட்களில் பல பள்ளிகளில் நடப்பது என்ன? பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் படத்துக்கு மாலை, கட்டுரைப் போட்டி, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய மாடல், குரூப் போட்டோ, அறிக்கை. மார்ச் 1-ம் தேதி மன்றம் தூங்கப் போய்விடும். ராமன் 1928-ல் கண்டுபிடித்ததைக் கொண்டாடுகிறோம். கடல் ஏன் நீலம் என்று அவர் கேட்டதை மறந்துவிட்டோம்.

'ஒரு மன்றம் தூங்கினால் குடியா முழுகிவிடும்?' என்றால், ஆமாம், முழுகும். இரண்டு சாட்சிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நடந்தது. தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தவர், உடல் குறையோடு பிறப்பதற்கு முன்ஜென்மப் பாவம் காரணம் என்கிற மாதிரி மாணவிகளிடம் பேசினார். எழுந்து எதிர்த்துக் கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். அவருக்கு ஒரு வணக்கம். பேச்சாளர் கைதானார், பெரிய செய்தியானது. சரி. ஆனால் மேடையில் மைக் பிடித்து யார் எதைச் சொன்னாலும் 'ஆதாரம் என்ன சார்?' என்று மரியாதையாகக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோமா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் போலீஸை அனுப்ப முடியாது. கேள்வியை அனுப்பலாம்.

இரண்டு, என் துறை சமாசாரம். 2022-ல் வெடித்த ஆருத்ரா விவகாரம். மாதம் 30 சதவிகிதம் வரை வட்டி என்ற பேச்சை நம்பிச் சுமார் ஒரு லட்சம் பேர் கட்டிய பணம் 2,438 கோடி ரூபாய் என்பது போலீஸ் கணக்கு. மாதம் 30 சதவிகிதம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு லட்சம் கட்டி, வட்டியையும் அதிலேயே போட்டு வந்தால் ஒரு வருஷத்தில் 23 லட்சம். இரண்டு வருஷத்தில் 5 கோடியைத் தாண்டும். எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிக் கணக்கு. இப்படி வளரும் தொழில் உலகத்தில் ஏதாவது உண்டா என்று ஒரே ஒரு நிமிஷம் சோதித்திருந்தால் நகையை அடகு வைத்திருக்க மாட்டோம். கூட்டு வட்டி நமக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சைக்கு வெளியே அதை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுக்கத்தான் மன்றம்.

இப்போது உங்கள் முணுமுணுப்பு காதில் விழுகிறது. "அதெல்லாம் சரி சார், மார்க் யார் போடுவா?"

மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, அதிலிருந்து அறிவியல் கற்றார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. வளர்ந்து பல நூறு பள்ளிகளுக்குப் பரவியது. முப்பது வருஷம் நடந்த அதை 2002-ல் மாநில அரசு நிறுத்தியது. கேள்வி கேட்கும் பிள்ளைகளை நம்மால் பிரசங்கத்தில்தான் கொண்டாட முடிகிறது. வீட்டிலோ வகுப்பிலோ எதிரே நின்று கேட்டால் 'அதிகப்பிரசங்கி' என்கிறோம்.

ஆசிரியர்கள் பாவம், அவர்களைத் திட்ட நான் தயாரில்லை. வகுப்பெடுக்கும் நேரத்தைவிட எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றும் நேரம் அதிகம் என்று புலம்புகிறார்கள். அவர்கள் தலையில் இன்னொரு விழாவையும் இன்னொரு அறிக்கையையும் ஏற்றாதீர்கள். வாரம் ஒரு பீரியட். போட்டோ கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, சான்றிதழ் கிடையாது. 'எனக்கும் தெரியாது, வா பார்க்கலாம்' என்று ஆசிரியர் சொன்னால் அதை அவமானமாக எண்ணாத தலைமை ஆசிரியர் ஒருவர். இது போதும்.

தாமலிலேயே வைத்துக்கொள்வோம். ஒரு கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு நோட்டுப் புத்தகம். வாராவாரம் நாலு கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதே நாளில் மதகுப் பக்கம் ஏரியின் மட்டத்தையும் குறிக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் மழைமானி. ஒரு மழைக்காலம் முடிந்ததும் வரைபடத் தாளில் இரண்டு கோடுகள். ஏரிக்கோடு ஏறி எத்தனை நாள் கழித்துக் கிணற்றுக்கோடு ஏறுகிறது? கரைக்குப் பக்கத்துக் கிணறும் தள்ளியிருக்கும் கிணறும் ஒரே நாளில் ஏறுகின்றனவா? அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில்.

ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு நாள், நடுப்பகலில் அதற்கு நிழலே இருக்காது. மற்ற நாட்களில் குச்சியின் நிழலையும் கோயில் கோபுரத்தின் நிழலையும் அளந்தால் கோபுரத்தின் உயரம் வந்துவிடும். சாமி கோபித்துக்கொள்ளாது.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு வீடே ஆய்வகம். கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பசை கரைந்து எடை ஏறத்தாழ கால் பங்கு குறையும். எடை போட்டுப் பார்க்கட்டும். தறிமேல் இருக்கும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் ஒரு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கம்ப்யூட்டரின் பூஜ்யமும் ஒன்றும் அந்த அட்டையில் உட்கார்ந்திருக்கின்றன. அப்பாவின் தறியைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளைக்கு இதை யாராவது சொன்னோமா?

செலவு என்ன ஆகும் என்று பி.காம். புத்தி கணக்குப் போட்டது. சில நூறு ரூபாய். அன்றைக்கு எனக்குப் போர்த்திய சால்வையும் பொக்கேயும் அதைவிட அதிகம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்களிடம் மார்க் ஷீட்டை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் அறிவியல் மன்றம் இந்த வருஷம் எதை அளந்தது?" ஒருவரும் கேட்காததால்தான் எரிமலைகள் பொங்கிக்கொண்டே இருக்கின்றன.

அந்தப் பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னால் சொல்லவும் முடியாது. அவனால் முடியும். இனி யாராவது என்னைத் தொடக்க விழாவுக்குக் கூப்பிட்டால் வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ரிப்பன் வாங்கும் காசில் ஒரு கயிறு வாங்கி வையுங்கள். அதை வெட்டாமல் அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.