கோளரங்கமும் மெய்வானும்

சென்னைக்குக் கல்விச் சுற்றுலா வரும் மாணாக்கர் கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கத்தைக் காணாது திரும்புதல் அரிது. 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வரங்கில், கவிந்த கூரையை அண்ணாந்து நோக்கி, ஓரிரவின் விண்மீன் இயக்கம் முழுவதையும் சில நிமிடங்களிற் கண்டு வியக்கின்றனர். பின்னர்க் கடற்கரைக்கு ஏகுகின்றனர். வானநூற் கல்வி அவ்வளவில் முற்றுப்பெற்றதாகவும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தையே நாம் மறுக்க விழைகின்றோம்.

கோளரங்கம் பயனற்றதென்பது நம் கொள்கையன்று. துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திற்குமேல் ஏறக்குறைய 13 பாகை உயரத்திலேயே நிற்பதால், மாளிகைகளும் மரங்களும் அதனை மறைத்துவிடுகின்றன. அதனை எங்கே தேடுவதென ஐயமறக் கற்பிக்கக் கோளரங்கினும் நல்லாசிரியர் இல்லை. ஆயின், தேடுதல் வெளியே அன்றோ நிகழவேண்டும்?

நுங்கம்பாக்கத்தில், இந்நாளில் வானிலை ஆய்வு மையம் உள்ள வளாகத்தில், ஒரு கருங்கல் தூண் நிற்கின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் அமைத்த வானாராய்ச்சி நிலையத்தில் கருவியைத் தாங்கிய தூண் அது. நடப்போர் காலடியால் தரை அதிரினும் கருவி அசையலாகாதென்றே அத்துணைப் பருமனான கல்லை நாட்டினர். அதன்மேல் தமிழிலும் எழுத்துப் பொறித்தனர். 1861-இல் நார்மன் போக்சன் ஈண்டிருந்து கண்ட சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர் வழங்கிற்று. அவருக்குத் துணைவராயிருந்த இரகுநாதாசாரியார் 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அத்தெரு வழியே அன்றாடம் செல்லும் நம்மவருள் தூணை அறிந்தார் மிகச் சிலரே.

நகரை விட்டு இருநூறு கிலோமீட்டருக்குமேற் சென்றால் ஜவ்வாது மலையிலே காவலூர் உளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடைய தொலைநோக்கி 1986 முதல் அங்கே பணிபுரிகின்றது. அஃது ஆராய்ச்சியாளர்க்குரியது, காண வருவோர் சிறிய கருவியின் வழியே நோக்குவர். நோக்கியவுடன் ஏமாற்றமடைவோர் பலர். கோளரங்கிற் செம்மையும் நீலமுமாய்ச் சுடர்ந்த முகிற்படலம் ஈண்டுச் சாம்பல் நிறப் புகைபோல் மங்கித் தோன்றும். விண்மீனோ கருவியிலும் புள்ளியே. “இதற்கோ இவ்வளவு தொலைவு வந்தோம்!” என்பர்.

அவ்வேமாற்றம் பெரும்பேறு என்போம் நாம். அண்மையிலுள்ள விண்மீனின் ஒளியும், ஞாயிறு நீங்கலாக, நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குமேற் செல்கின்றதென்று ஏட்டிற் படித்தவன், அத்தொலைவின் பொருளை அப்புள்ளியைக் கண்டபொழுதே உணர்கின்றான். வண்ணப்படங்கள் நெடுநேரம் ஒளியைத் திரட்டி ஆக்கப்பட்டவை என்பதும், கண்ணுக்கு அத்திறன் இல்லை என்பதும் அப்பொழுதே விளங்கும். பின்னர்ச் சனிக்கோளை வளையத்தோடு காணும்பொழுது, சிறிதாயினும் அது படமன்று என்ற உணர்வில் அவன் வாயடைத்து நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

கோளரங்கை விட்டு வெளிவரும் மாணாக்கன் சென்னை வானில் விரல்விட்டு எண்ணத்தக்க மீன்களையே காண்பான். தெருவிளக்குகள் நிலத்திற்கு ஒளி தருவதோடு அமையாது விசும்பையும் வெளுக்கச் செய்கின்றன. விளக்கின் மேற்புறத்தை மூடுதற்குப் பெருஞ்செலவு வேண்டா. மலையடிவாரத்து ஊர்களேனும் அதனை விரைந்து செய்தல் வேண்டும். காவலூரின் இருளுக்கு அவையே காவல்.

ஆண்டுதோறும் பரீட்சை முடிந்த வாரத்தில், திங்களின் நிலையைப் பாராது, சுற்றுலா நாளைக் குறிப்பது வழக்கமாகிவிட்டது. நிறைமதி நாளில் மலையேறி யாது பயன்? தையிலோ மாசியிலோ அமாவாசையை ஒட்டிய இரவொன்றைத் தேர்ந்து, நிலையத்தாரிடம் முன்னரே அனுமதி பெற்று, ஆளுக்கொரு கம்பளியுடன் புறப்படுமாறு நம் ஆசிரியர்களை வேண்டுகின்றோம்.