கமரா மருந்து ஏத்தாது

போன கிழமை சிட்னியில் இருந்து ஒரு நண்பர் எடுத்தார். எங்கட ஊர்ச்சங்கம் வன்னியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஐந்து டப்லெட்டும் கமராவும் வாங்கிக் குடுக்கப் போகுதாம். "இனிப் புற்றுநோய்க்காரர் அலையத் தேவையில்லை, டொக்டர் ஸ்கிரீனில வருவார். நீயும் இருநூறு டொலர் போடு" என்றார். நான் உடனே ஓம் சொல்லவில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் சண்டை வரும், ஆனபடியால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது குவீன்ஸ்லாந்தில், மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரத்தில். ஷெவ் விசாக் காலத்தில் ஒரு உணவகக் குசினிக்கு வெங்காயம் உரிக்க வந்தவன், நிரந்தர விசா கிடைத்த பிறகும் இங்கேயே நிற்கிறேன். புற்றுநோய் நிபுணர்கள் இருக்கிற டவுன்ஸ்வில் எங்களுக்குக் கிட்டத்தட்ட 900 கிலோமீற்றர். 2007 அளவில் அங்கிருந்து வீடியோ மூலம் எங்கட பக்கத்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். முன்னின்றவர் சபே சபேசன் என்ற நிபுணர். (பெயரைப் பார்த்ததும் எனக்கும் ஒரு புளுகம்தான்.)

என்னோடு வேலை செய்த அண்ணர் ஒருவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தபோது துணைக்குப் போனது நான். நிபுணர் திரையில், மொழிபெயர்ப்பாளர் போனில். "பக்க விளைவு இருக்கும்" என்று போனில் சொல்ல, அண்ணர் "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "சத்தி வரும், கைகால் விறைக்கும் அண்ணை" என்று நான்தான் விளங்கப்படுத்தினேன்.

திரையில் நடந்தது கால் மணித்தியாலம். மிச்சமெல்லாம் ஒரு நேர்ஸின் கையில். நரம்பு தேடியது அவ. மருந்துப் பையில் இருந்த பெயரையும் அளவையும் இன்னொரு நேர்ஸோடு சேர்ந்து வாசித்துச் சரிபார்த்தது அவ. அண்ணருக்கு நடுக்கம் வந்ததும் ஓடிவந்து பம்பை நிறுத்தியதும் அவதான். இதைவிடச் சின்ன ஊர்களில், பெரிய ஆஸ்பத்திரியின் கீமோ நேர்ஸ் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, ஊர் நேர்ஸ் சில மருந்துகளை ஏற்றுகிறா. அதற்கும் அவ முதலில் பழகத்தான் வேணும். கதிர்ச் சிகிச்சை என்றால் டவுன்ஸ்விலுக்குப் போகத்தான் வேணும், அது வயரில் வராது.

நான் ஏன் இப்படிக் கணக்குப் பார்க்கிறேன் என்றால், அம்மா. 2004இல் மார்பில் கட்டி. கிளிநொச்சியில் இருந்து மகரகமவுக்கு மூன்று கிழமைக்கு ஒருதடவை. ஓமந்தைச் சாவடியில் இறங்கி ஏறி, வரும்போது மடியில் சொப்பிங் பை வைத்துச் சத்தி எடுத்துக்கொண்டு. யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்த நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். நாலாவது தடவை "எனக்குக் காணும் தம்பி" என்றுவிட்டா. மருந்துக்குப் பயந்து இல்லை, பஸ்ஸுக்குப் பயந்து. அடுத்த வருடம் போய்விட்டா. குழம்பிப்போன என்ர படிப்பும் 2006இல் பாதை பூட்டியதோடு நின்றது.

இப்போது தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற ஒருத்திக்கு அதுவும் போய்வர ஒரு நாள். ஐந்து டப்லெட்டை மேசையில் அடுக்கிப் படம் எடுத்துவிட்டு வந்தால், டொக்டர் திரையில் சுகம் விசாரிப்பார். மருந்து ஏற்ற அவள் திரும்பவும் பஸ்தான் ஏறவேணும்.

ஆகவே நண்பரே, முதலில் அந்த ஆஸ்பத்திரியைக் கேளுங்கோ. இரண்டு நேர்ஸ்மாரை மருந்து ஏற்றப் பழக அனுப்புவினமா? இரத்தம் அங்கேயே சோதிக்கலாமா? மருந்தை ஆர் கலந்து, எப்படிக் கொண்டுவாறது? இதுக்கு ஓம் என்றால் இருநூறு இல்லை, ஐநூறு போடுகிறேன். ஞாயிறு ஓவர்டைம் இருக்கு.

சங்கக் கூட்டம் வாற சனியாம்.