சிரிப்பொலி இல்லாத சிரிப்பு

பழைய காலத்து ரேடியோ ஹாஸ்யம் என்றால் அமெரிக்கர்கள் சட்டென்று இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லுவார்கள். ஜாக் பென்னியின் கஞ்சத்தனம் ஒன்று. கதவைத் திறந்ததும் தலைமேல் சரியும் ஃபிப்பர் மகீயின் அலமாரி இன்னொன்று. இவையெல்லாம் ராத்திரி நேர நிகழ்ச்சிகள். பெரிய வாத்தியக் கோஷ்டி உண்டு. எதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க ஜனங்கள் உண்டு. எந்த இடத்தில் சிரிப்பது என்று வீட்டில் கேட்பவர் யோசிக்க வேண்டிய சிரமமே இல்லை!

அதே நாட்களில் பட்டப்பகலில் ஒரு நிகழ்ச்சி நடந்து வந்தது. "விக் அண்ட் சேட்" என்று பெயர். 1932 ஜூனில் ஆரம்பித்து 1944 வரை ஓடியது. வாரத்தில் 5 நாள், தினம் 15 நிமிஷம். முன்னாலும் பின்னாலும் கண்ணீரும் கம்பலையுமாகத் தொடர் நாடகங்கள். சோப்புக் கம்பெனிகளின் தயவில் நடந்ததால் 'சோப் ஆபரா' என்று பெயர் வாங்கியவை. அவற்றுக்கு நடுவே இந்தச் சின்னக் குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். செலவை ஏற்றுக் கொண்டது கிரிஸ்கோ. நம் டால்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணா என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

குடும்பத் தலைவர் விக், சமையல் பாத்திரக் கம்பெனி ஒன்றில் கணக்கர். சேட் அவர் மனைவி. ரஷ் வளர்ப்புப் பிள்ளை. கதை என்ன என்று கேட்கிறீர்களா? கதையே கிடையாது. கடையில் முகம் துடைக்கும் துணி மலிவாகக் கிடைக்கிறதாம். சேட் தன் சிநேகிதியுடன் போய் வர வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுவார்கள். முடிந்ததும், "அடடா, அதற்குள் முடிந்துவிட்டதே!" என்று இருக்கும்.

விக்குக்கு ஒரு சங்கம் உண்டு. 'பால்வீதியின் புனித நட்சத்திரங்கள்' என்பது அதன் நாமதேயம். நாம் சப்தரிஷி மண்டலம் என்று கும்பிடுவதை அமெரிக்கர்கள் 'பெரிய அகப்பை' என்பார்கள். சங்கத்தில் விக்கின் பட்டமும் அதுதான்: மேன்மை தங்கிய பெரிய அகப்பை! பகலெல்லாம் பாத்திரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான விருது எங்கே கிடைக்கும்? அவர் ஜம்பமாக இதைச் சொல்லும்போது சேட் மட்டும் சாதம் ஆறுகிறதே என்ற தோரணையில் கேட்டுக் கொண்டிருப்பாள்.

ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். டெலிபோனிலும் வீட்டுப் பேச்சிலும்தான் வருவார்கள். மிச்சிகன் மாகாணத்து ஸிஷிகனில் ரிஷிகன் ஃபிஷிகன் என்று ஒருவர் இருந்தார். எதுகை மோனைக்குப் பழகிய நம் காதுக்கு இது கற்கண்டு அல்லவா? 1940-ல் விக்காக நடித்த ஆர்ட் வான் ஹார்வி நோய்வாய்ப்பட்டார். அந்த இடைவெளியை நிரப்ப ஃப்ளெட்சர் மாமா என்ற கிழவர் வீட்டுக்குள் நுழைந்தார். அவர் சொல்லும் கதைகளில் யாரோ ஒருவர் எங்கோ போவார், எவளையோ கல்யாணம் செய்துகொள்வார், பிறகு செத்துப் போவார். பதில் சொன்னால் காதில் வாங்கமாட்டார். இப்படி ஒரு மாமா இல்லாத குடும்பம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

இத்தனையையும் எழுதியவர் பால் ரைமர் என்ற ஒரே ஒருவர். இலினாய் மாகாணத்து ப்ளூமிங்டனில் வளர்ந்தவர். 12 வருஷங்களில் அவர் எழுதியவை 3,500 நாடகங்களுக்கு மேல் என்பார்கள். வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதற்குள் ஆசிரியர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கின் கனம் தெரியும்!

இதே ரகத்தில் இன்னொரு தம்பதி, குட்மன் ஏஸும் ஜேன் ஏஸும். 1930-ல் கான்ஸாஸ் ஸிட்டியில் குட்மன் ரேடியோவில் சினிமா விமரிசனம் செய்து வந்தார். ஒரு நாள் அடுத்து வரவேண்டிய நிகழ்ச்சி வந்து சேரவில்லை. கூட வந்திருந்த மனைவியை மைக் முன்னால் இழுத்து உட்கார வைத்தார். முந்திய வருஷம் அந்த ஊரில் பிரிட்ஜ் சீட்டாட்டத் தகராறில் ஒரு மனைவி புருஷனைச் சுட்டுவிட்டாள். அதைப் பற்றி இருவரும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நேயர்களுக்குப் பிடித்துவிட்டது! "ஈஸி ஏஸஸ்" 1945 வரை நடந்தது. பழமொழிகளைத் தலைகீழாகச் சொல்லுவது ஜேனின் தனி வித்தை. அசட்டுத்தனம் போல இருக்கும். கொஞ்சம் யோசித்தால், நேராகச் சொன்னதைவிடக் கோணலாகச் சொன்னதுதான் நிஜமோ என்று தோன்றும்.

இவ்வளவு நல்ல சரக்கை ஏன் மறந்தார்கள்? இதில் பெண்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ராத்திரி நிகழ்ச்சி என்றால் ஆண்பிள்ளைகளும் சேர்ந்து கேட்பது. ஆகவே அது 'கலை'. பகல் நிகழ்ச்சி என்றால் பெண்கள் கறி நறுக்கிக்கொண்டே கேட்பது. ஆகவே அது 'பொழுதுபோக்கு'. "விக் அண்ட் சேட்" பதிவான இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. எஞ்சியவை 300-க்குச் சற்று மேல்தான். ரைமர் 1964-ல் காலமானார். அவர் எழுத்தில் ஒரு பகுதி 1972-ல் புத்தகமாக வந்தது. மனைவிதான் அதைத் தொகுத்தார். விஞ்ஞானக் கதை மன்னர் ரே பிராட்பரி முன்னுரை எழுதினார். அடுப்பங்கரைப் பேச்சை அவர் அற்பம் என்று நினைக்கவில்லை, பாருங்கள்!

மிச்சம் இருக்கும் பதிவுகளை இப்போது இன்டர்நெட்டில் கேட்கலாம். இங்கிலீஷ் கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் பழகிவிடும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். முதல் நாள் சிரிப்பு வராது. "இதில் என்ன இருக்கிறது?" என்றுகூடத் தோன்றும். விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாள் அந்த வீட்டு மனிதர்கள் பழக்கமாகிவிடுவார்கள். நான்காம் நாள், ஃப்ளெட்சர் மாமா தொண்டையைக் கனைக்கும்போதே நீங்கள் சிரித்துவிடுவீர்கள். கையிலிருக்கும் அரிவாள்மணையை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்ளுங்கள்!