நிலமற்றோரின் வறட்சியை யார் கணக்கெடுப்பது?

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. 2021இல் முன்னேற்பாடின்றி விதிக்கப்பட்ட இரசாயன உர இறக்குமதித் தடை ஏற்கெனவே விளைச்சலை வீழ்த்தியிருந்தது. 2023இல் மழையும் பொய்த்தது. உடவளவை நீர்த்தேக்கத்தை நம்பிப் பயிரிட்ட உழவர்கள், சமனலவெவ நீரைத் திறந்துவிடக் கோரிப் போராடினர்.

‘நாடே பாதிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் இதைக் கடந்துவிட முடியாது. உரத் தடையின் இழப்புக்காக 2022 ஜனவரியில் 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அது நெல் விவசாயிகளுக்கானது. கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழரோ, 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய் நாட்கூலியைக் கொண்டே அந்த விலைவாசியை எதிர்கொண்டனர். பஞ்சமும் சாதிக்கொடுமையும் தமிழகத்திலிருந்து துரத்திய ஒடுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இவர்களுள் பெருந்தொகையினர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. குடியுரிமை மீண்ட பின்னும், லயன் அறை நிற்கும் மண்ணுக்குப் பெரும்பாலோரிடம் உரிமைப்பத்திரம் இல்லை.

இதே அளவுகோல்தான் இங்கும் நிலவுகிறது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பாசன நெற்பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. நடவு நட்டு, களையெடுத்து வாழும் தலித் பெண்ணுக்கு நூறு நாள் வேலை 150 நாளாக நீட்டிக்கப்பட்டது. அது மீண்டும் உழைத்துப் பெறும் கூலியே அன்றி, இழந்ததற்கு ஈடல்ல. 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் அழிந்தால் இடுபொருள் மானியம் உண்டு என்கிறது பேரிடர் நிவாரண விதி. கூலி அழிந்ததை அது அளப்பதில்லை. அடங்கலில் பெயரேறாத வாய்மொழிக் குத்தகைதாரரும் அவ்வாறே விடுபடுகிறார்.

இந்த நிலமின்மை இயற்கையானதன்று. பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூரை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே, சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று: வறட்சி நிவாரணத்தில் கூலியிழப்பைத் தனி இனமாகச் சேர்க்க வேண்டும், பட்டா இல்லாத சாகுபடியாளரைக் கள ஆய்வின்வழி பதிவுசெய்ய வேண்டும், பஞ்சமி நிலங்களை மீட்டு உரியோரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த வறட்சி அறிவிக்கப்பட்ட பின் இவற்றைக் கேட்டுப் பயனில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே விதிகளை மாற்றப் போராடுவோம்.