வளைவில் தெரிந்த உண்மை



காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு செல்லும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. சென்ற மாதம் இரண்டாவது சோதனையில் நானும் அகப்பட்டேன்.

எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், காலஞ்சென்ற தன் தந்தையின் பத்மினி காரைப் பந்தயத்திற்கு ஆயத்தம் செய்துவருகிறான். "வளையலை விற்றுத் தரச் சொல்கிறான், சாமி. நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று அவன் தாயார் கண்கலங்கினார். புத்தி சொல்லுமுன் வண்டியைப் பார்ப்போமே என்று அவனுடன் மலையிறங்கினேன்.

சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தை உயர்த்தியிருந்தான். கார்புரேட்டரை மாற்றியிருந்தான். சைலன்சரின் முழக்கமோ மலைக்கே கேட்கும். அத்தனையும் மேலும் ஓடுவதற்கான வேலைகள். பாதி மலை இறங்குமுன் கருகிய நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்து தரையைத் தொட்டது. பையன் பதறவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினான். நான் அப்பொழுது எந்த மன்றாட்டைச் சொன்னேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

காரணம் எளியது. 1089 சி.சி., ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சினுக்கு ஏற்ப, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. டிரம்முக்குள் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேரச் சேரக் கொதிநிலை தாழும். கொதித்துவிட்டால் குழாயில் ஆவி நிறையும். மிதிக்கும் வலு ஆவியை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். அந்த வண்டியின் ஆயிலைத் தந்தையார் காலத்திற்குப் பின் எவரும் மாற்றவில்லையாம்!

பழைய காரைப் பந்தயத்திற்கு மாற்றுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளமாயிருந்த சோழவரத்தில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதி அரிதாயிருந்த அந்நாளில், வீட்டுக்கு வாங்கிய பியட்டும் ஹெரால்டுமே பட்டறையில் உருமாறி அங்கே ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஓடுபாதை அமைந்தது. கோவையின் கரிவர்தன், மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே குறைந்த செலவில் பந்தயக் கார் அமைத்து இளைஞர்க்கு வழி திறந்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்து ஓடுபாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் இளைஞனின் கனவும் செட்டிபாளையமே. அது எனக்கு ஆறுதல். இம்மலைச் சாலையில் வாழைத்தார் ஏற்றிய வண்டிகளும், பேருந்துகளும், கால்நடையாய் வரும் பெண்களும் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஆர்.சி. புத்தகத்திற்கு மாறாக உருமாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவதும் ஆகாது. இதைக் கேட்டதும் அவன் முகம் சிறுத்துப் போயிற்று. வண்டியை இனி லாரியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

டிரம்கள் ஆறிய பின், முதல் கியரில் ஊர்ந்தே அடிவாரம் சேர்ந்தோம். வழியில் ஒரு பட்டியல் உருவாயிற்று: புதிய லைனிங், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள், ஆயில்; பிறகு டயர்; பிறகு ரேடியேட்டர், ஏனெனில் ஹெட்டை இழைத்த எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்தலாமா என்பதை, அவன் ஓடவிருக்கும் பிரிவின் விதிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ரோல் கேஜ், பந்தய பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

"எஞ்சினை எப்போது தொடலாம், சாமி?" என்றான்.

"தொட்டது போதும், தம்பி."

தாயாரிடம், வளையலை விற்க வேண்டாம் என்றேன். மகனைத் தடுக்கவும் வேண்டாம் என்றேன். இரண்டாவதை அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மிளகு விற்ற பணத்தில் முதலில் வந்திறங்கியவை பிரேக் லைனிங்குகள். அவற்றை வாங்கி வைத்துக் கணக்கு எழுதியவர் அந்த அம்மையார்தாம்.